ரெண்டு மணி பஸ் வராத சனிக்கிழமை

சாயங்காலம் முகம் கழுவப் போனேன். குழாயடியில் மாட்டியிருக்கும் கண்ணாடியில் பார்த்தால் என் நெற்றி நடுவில் ஒரு வெள்ளி ஸ்டார் மின்னுகிறது. மலையிலிருந்து இறங்கி, கடைத்தெருவில் நின்று பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு, ஒட்டியதையே மறந்து வீடு வரைக்கும் அதோடுதான் வந்திருக்கிறேன். பால் கடைக்காரர் ஏன் அப்படிச் சிரித்தார் என்று இப்போதுதான் விளங்கியது. கையில் அள்ளிய தண்ணீரைக் கீழே விட்டுவிட்டேன். முகம் கழுவாமலே வந்து, தையல் மிஷின் பலகையில் நோட்டை வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

ஒட்டிவிட்டது ரோஜா. ஆமாம், ரோஜாவேதான். எப்படி ஒட்டினாள் என்று பிறகு சொல்கிறேன். முதலில் சொன்னால் உனக்குப் புரியாது. இங்கே நான் செய்து வைத்த காரியமும் நீ போன பிறகு நடந்ததும் உனக்குத் தெரியாதே.

ஸ்டாரை நெற்றியில் ஒட்டும் பழக்கத்தை ஆரம்பித்தவள் நீ. நம் ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்கிற பிள்ளைக்கு வருகை அட்டையில் ஸ்டார் ஒட்டுவதுதான் வழக்கம். நீ வந்து இரண்டாவது வாரமே அதை மாற்றிவிட்டாய். "அட்டையில ஒட்டுனா பொட்டியில கெடக்கும். நெத்தியில ஒட்டுனா வூடு வரைக்கும் போவும். இன்னாடி இதுன்னு அம்மா கேக்கும், புள்ள வசனத்தச் சொல்லும்." சபை மூப்பர் ஒரு நாள் வாசலில் நிறுத்திக் கேட்டாரே, நினைவிருக்கிறதா? "இன்னாம்மா, சர்ச்சுலயே பொட்டு வைக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" நீ கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னாய்: "பொட்டு இல்லீங்க ஐயா. அட்டெண்டன்ஸு." நான் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

உன் ஜெராக்ஸ் கடை வேலை இல்லாவிட்டால் நம் பள்ளி நடந்தே இருக்காது. பாழாய்ப்போன தாள்களை எல்லாம் சேர்த்து வைத்து, பின்பக்கத்தில் படம் எடுத்துக் கொண்டுவருவாய். ஒரு பக்கம் யாரோ ஒருவருடைய பட்டா, மறுபக்கம் நோவாவின் பேழை. ஒரு பையன் யானைக்குப் பச்சை அடித்துவிட்டுத் தாளைத் திருப்பி, "டீச்சர், இது எங்க பெரியப்பா நெலம்" என்றான். அன்று முழுக்க நமக்குக் கதை ஓடவில்லை.

மலைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம் என்று நீ சொன்னபோது நான் வேண்டாம் என்றேன். வேலை வெட்டி இல்லையா நமக்கு என்று கத்தினேன். நீ உன் வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாய், நான் ஏறுகிற வரைக்கும். படம் ஒட்டுகிற துணிப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார, ஒவ்வொரு வளைவிலும் காற்று அந்தப் பலகையோடு என்னையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். நீ பாட்டு எடுப்பாய். எப்போதும் எட்டாத சுருதியில் எடுப்பாய். இரண்டாவது அடியிலேயே உனக்கே தொண்டை கட்டிக்கொள்ளும்.

அந்த ஊரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம்கூடக் கிடையாது. சாமை கொல்லையிலிருந்து நேராக வந்த ரோஜாவின் அம்மா, கையில் அரிவாளோடு உன்னை மேலும் கீழும் பார்த்துக் கேட்டது எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. "சாமிய மாத்தி வுட்ருவீங்களா?" நீ சொன்னாய்: "கதையும் பாட்டும்தாங்க. உங்க சாமிய மாத்த நான் யாரு?" அந்த அம்மா அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, "சாய்ந்தரத்துக்குள்ள வுட்ரணும். ஆடு ஓட்டியாரணும்" என்று சொல்லி ரோஜாவை முன்னால் தள்ளிவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நீ உன் முந்தானையால் துடைத்துவிட்டாய். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து, "உன் பிள்ளைக்கு ஒழுவுனதே இல்லையா?" என்றாய்.

ஒரு ஞாயிறு ரோஜாவுக்குக் கலர் பென்சில் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாய். மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நினைவு வந்தது, கடையிலேயே வைத்துவிட்டோம் என்று. என்னைப் பிள்ளைகளோடு விட்டுவிட்டு, தூறலில் கீழே இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு திரும்பி ஏறி வந்தாய். நனைந்து கோழிக்குஞ்சு மாதிரி நின்றாய். அடுத்த வாரம் கொடுத்தால் ஆகாதா, உனக்கு அறிவு இருக்கிறதா என்று திட்டினேன். "புள்ளைங்ககிட்ட பண்றேன்னு சொல்லாத. பண்ணிட்டு பண்ணேன்னு சொல்லு. இப்ப நான் சொல்லித் தொலைச்சிட்டேனே" என்றாய்.

அதை நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அந்த வெள்ளிக்கிழமை உன்னை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, உன் வீட்டுக்காரரையும் என்னையும் டாக்டர் உள்ளே கூப்பிட்டார். சின்ன வயசு டாக்டர். எங்கள் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் இருந்த பேனாவைப் பார்த்தபடியே பேசினார். கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், கேட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது காரில் நீ கேட்டாய்: "இன்னா சொன்னாரு?" உன் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெஸ்ட் எடுக்கச் சொன்னாருடி" என்றேன். நீ என் தோளில் சாய்ந்துகொண்டு, "நல்லாத்தான் பொய் சொல்றே. ஞாயிறு பள்ளி டீச்சர் வேற" என்றாய்.

மறுநாள் இல்லை, அதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. உன் வண்டியை நான் ஓட்டிக்கொண்டு தனியாக மலைக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து என் பின்னால் பார்த்தார்கள். "டீச்சர் எங்க? எப்ப வருவாங்க?" வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருக்கலாம். உடம்பு ரொம்ப மோசம், வரமாட்டார்கள் என்று சொல்லி, அவர்களோடு சேர்ந்து நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கலாம். தைரியம் வரவில்லை. "ஜெபம் பண்ணுங்க, கிறிஸ்துமஸுக்குள்ள வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னவுடன் அந்த முகங்களில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல் இருந்தது.

அதோடு நிறுத்தினேனா? கீழே சபையில் பெரியவர்கள் உனக்காகச் சங்கிலி ஜெபம் வைத்திருந்தார்கள். ஆளுக்கு அரை மணி நேரம், ஒருவர் முடிக்க அடுத்தவர் தொடங்க வேண்டும், நடுவில் அறுந்துபோகக் கூடாது. அதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். சரி என்றேன். சனிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரை, கீழே இருக்கும் பிள்ளைகளும் மலைப் பிள்ளைகளும் சேர்ந்து. ஜெராக்ஸ் தாளை வெட்டிச் சீட்டு எழுதினேன். சீட்டில் பெயர், நேரம், ஒரு சின்னக் கட்டம். ஜெபம் செய்து முடித்ததும் அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும். தொடங்கி வைக்கிறேன் என்று முதல் அரை மணியை நான் எடுத்துக்கொண்டேன்.

ரோஜாவுக்கு இரண்டிலிருந்து இரண்டரை. சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "டீச்சர், எங்க வூட்ல மணி இல்ல. ஃபோன அப்பா எடுத்துக்கினு போயிடும்." நான் பெரிய புத்திசாலி மாதிரி யோசனை சொன்னேன். "ரெண்டு மணி பஸ்ஸு வருதில்ல? அந்த வளைவுல ஹாரன் அடிக்கும் பாரு, அப்ப ஆரம்பிச்சிடு."

சனிக்கிழமை காலை என் அரை மணி முடிந்ததிலிருந்து நான் உன் கட்டில் பக்கத்தில்தான் இருந்தேன். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை நீயே கேட்டு வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாய். அரை மணிக்கு ஒரு தரம் கண்ணைத் திறந்து மணி கேட்பாய். நான் சொல்வேன். நீ அந்த நேரத்துப் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாய். சுவர்க் கடிகாரம் இரண்டைத் தாண்டியது. "மணி?" என்றாய். சொன்னேன். "ரோஜா டைமு" என்றாய். அப்புறம் நீ ஒன்றும் பேசவில்லை. இரண்டரைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உன்னை அடக்கம் செய்த மறுவாரம் மலைக்குப் போனேன். பிள்ளைகள் சீட்டுகளைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவன் டிக்கைச் சிவப்பில் போட்டிருந்தான். ஒன்பது பேருக்கு எட்டுச் சீட்டு வந்தது. ரோஜா கடைசியாக வந்து நீட்டினாள். கட்டம் காலியாக இருந்தது.

"பஸ்ஸு வர்ல டீச்சர்."

கீழே ஏதோ ஒரு வளைவில் பஸ் நின்றுபோயிருக்கிறது. மலைக்கு மேலே வரவே இல்லை. அந்தப் பெண் உச்சி வெயிலிலிருந்து ரோட்டோரக் கல்லின் மேல் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு, ஹாரனுக்காகக் காத்திருந்திருக்கிறாள். ஆட்டைக்கூட அம்மாதான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாளாம். "நான் தூங்கல டீச்சர். வெளையாடவும் போவல. பஸ்ஸுதான் வர்ல" என்றாள். பிறகு கேட்டாள்: "டீச்சர் எத்தினி மணிக்குச் செத்தாங்க?"

நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே ஒரு பெரிய பையன், "ரெண்டரைக்குள்ள" என்று சொல்லிவிட்டான். ஊருக்கே தெரியும்.

அடியேய், அன்றிலிருந்து நான் படுகிற பாடு உனக்குத் தெரியுமா? அவள் பாடுவதை விட்டுவிட்டாள். வகுப்புக்கு வருவாள், மற்ற பிள்ளைகளோடு பாயில் உட்கார மாட்டாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அவளிடம் போய், கடவுளுக்கு மணியும் பஸ்ஸும் கிடையாது, எப்போது கேட்டாலும் கேட்பார் என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இன்னாத்துக்கு டைம் எழுதிக் குடுத்தீங்க?" இத்தனை வருடம் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். பாய்க்குத் திரும்பி வந்து, பலகையில் அடுத்த படத்தை ஒட்டினேன்.

போதகரை அழைத்துக்கொண்டு போனேன். நல்ல மனிதர், வேலையை விட்டுவிட்டு வந்தார். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எல்லாம் ஆண்டவருடைய சித்தம் பாப்பா என்றார். "நான் ஜெபம் பண்ணியிருந்தாலும் செத்துதான் இருப்பாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றால் பிறகு எதற்கு எல்லாரையும் ஜெபம் பண்ணச் சொன்னோம்? இல்லை என்றால் அவள் நினைப்பது சரி என்றாகிவிடும். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவள் தலையைத் தொட்டு ஜெபித்துவிட்டு எழுந்தார்.

அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அந்த அம்மா புளி தட்டிக்கொண்டிருந்தது. கையை நிறுத்தவில்லை. "நாங்களும் எங்க சாமிக்கு வேண்டிக்கினோம். கோழி வுட்டோம். அதுக்கும் முடியல போல, பாவம்" என்றது. எனக்கு உட்கார ஒரு சாக்கை நகர்த்திப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தது. திட்டியிருந்தால் தேவலை.

உனக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் சர்ச்சுக்குப் போனேன். முழங்கால் போட்டேன். "கர்த்தாவே" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. டாக்டர் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பேனாதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. எதைக் கேட்பது? கேட்டுவிட்டுக் கிடைக்காமல் போனால் அப்புறம் நான் எங்கே போவது? அரை மணி நேரமும் வெளியே பெருக்குகிற சத்தத்தைக் கேட்டபடி சும்மா முழங்காலில் இருந்தேன். பிறகு எழுந்து, என் சீட்டில் டிக் போட்டேன். பெரிய டிக். டீச்சர் கட்டம் காலியாக இருந்தால் பிள்ளைகள் என்ன நினைக்கும் என்று போட்டேன்.

சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துபோனது. அறுத்தவள் நான். காலிக் கட்டத்தை மறைக்காமல் கொண்டுவந்து நீட்டிய பிள்ளை கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறாள், பொய் டிக் போட்ட நான் பாயில் உட்கார்ந்து, பொய் சொல்லக் கூடாது என்று கதை நடத்துகிறேன். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியோடு எல்லாவற்றையும் விட்டுவிடலாம், மிஷினைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடக்கலாம் என்று போன வாரம் முடிவே செய்துவிட்டேன்.

இன்றைக்குக் கதை முடிந்து பிள்ளைகள் படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய் அந்தக் கல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பைபிளுக்குள் வைத்திருந்த என் சீட்டை எடுத்துக் காட்டினேன். "இது பொய்யி ரோஜா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதை, முன்னாலேயே எனக்குத் தெரிந்திருந்ததை, ஆறு மணிக்கு என் வாயில் வார்த்தை வராததை. ஒரு எட்டு வயசுப் பிள்ளையிடம் சொல்லக்கூடியதா என்று யோசிக்கவில்லை. யோசித்து யோசித்துத்தானே இத்தனையும் செய்தேன்.

அவள் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "பொய் டிக்கா?"

"ஆமா."

"நீங்களுமா ஜெபம் பண்ணல?"

"பண்ணல."

சீட்டை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்ப நம்ம ரெண்டு பேராலதான் டீச்சர் செத்துப் போய்ட்டாங்க."

"இல்ல, இல்லடி கண்ணு, உன்னால இல்ல" என்று பதறினேன். உன்னால் எதுவுமே இல்லை, தப்பு எல்லாம் என்னுடையது என்று என்னென்னவோ சொன்னேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. ஆனால் அவள் கல்லில் நகர்ந்து வந்து என் கையோடு ஒட்டி உட்கார்ந்தாள். எத்தனை வாரம் கழித்து! என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்க டீச்சர். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வேன், சொல்.

அப்புறம் எழுந்து போய்ப் பாயில் உட்கார்ந்தாள். கடைசிப் பாட்டில் அவள் குரல் கேட்டது. நீ எடுக்கிற அதே எட்டாத சுருதி. போகும்போது ஸ்டார் தாளிலிருந்து தானே ஒன்றைப் பிய்த்து, என்னைக் குனியச் சொல்லி நெற்றியில் ஒட்டிவிட்டாள். "நான் வசனம் ஒண்ணும் சொல்லலியே" என்றேன். "நெசத்த சொன்னீங்களே" என்றாள்.

மற்றவர்கள் பார்த்தால் ரோஜா சரியாகிவிட்டாள் என்பார்கள். ஆகவில்லை. அவள் இன்னும் அதைத்தான் நம்புகிறாள். தனியாக நம்பியதை இப்போது என்னோடு சேர்ந்து நம்புகிறாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உனக்கு முடிந்திருக்கும். நீ ஏதாவது ஒன்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்திருப்பாய். அதனால் அடுத்த ஞாயிறும் போவேன், அதற்கடுத்த ஞாயிறும். அவள் வளர்ந்து, அது தன்னால் இல்லை என்று தானே ஒரு நாள் தெரிந்துகொண்டு, இப்படி ஒரு பாரத்தை என் தலையில் ஏற்றினீர்களே என்று என்னைத் திட்டுகிற வரைக்கும் போக வேண்டும்.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை. நீ கடைசியாகச் சொன்னது அவள் பெயர்தான் என்பதை. கல்லில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு முறை வாய் வரைக்கும் வந்தது. அவள் பஸ்ஸுக்குக் காத்திருந்த அதே நேரத்தில் நீ அவள் ஜெபிக்கிறாள் என்று நிம்மதியாகக் கண்ணை மூடினாய் என்று தெரிந்தால் அவள் சந்தோஷப்படுவாளா, உடைந்து போவாளா? எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இப்போது உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ யாரிடம் சொல்லப் போகிறாய்! இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போயேன். அவளிடம் சொல்லட்டுமா, வேண்டாமா?